வீட்டோ அதிகாரம்

ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவுகளைத் தடுக்க அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு மட்டும் உள்ள உரிமை. 1945-ஆம் ஆண்டு ஐ.நா. சாசனத்தின் 27-ஆவது பிரிவு இதற்கு அடிப்படை. எந்தத் தீர்மானமும் நிறைவேற 15 வாக்குகளில் 9 வேண்டும். அவை நடத்தும் முறை பற்றியவை தவிர, மற்றவற்றில் இந்த ஐந்தில் ஒரு நாடுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் விலகி நிற்பது எதிர்ப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

இதன் சிக்கல் 2022 பிப்ரவரி 25 அன்று பட்டவர்த்தனமானது. உக்ரைன் மீதான ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 11 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் விலகி நின்றன. ரஷ்யாவின் ஒற்றை வாக்கில் அது தோற்றது. அம்மாதம் அவைக்குத் தலைமை வகித்ததும் ரஷ்யாதான். தகராறில் தொடர்புள்ள நாடு வாக்களிக்கக் கூடாது என்று சாசனத்தில் ஒரு விதி உண்டு. ஆனால் அது சமரச வழிகள் பற்றிய தீர்மானங்களோடு நின்றுவிடுகிறது, போர் நடவடிக்கை என்று வரும்போது கைகொடுப்பதில்லை.

வீட்டோ பயன்படுத்தப்பட்டால் 10 வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் முடிவானது. விவாதிக்கலாம், முடிவை மாற்ற முடியாது. சாசனத்தைத் திருத்தவும் இந்த ஐந்து நாடுகளின் ஒப்புதல் கட்டாயம்.