புள்ளி காணாமல் போன கதை

'பல்' எண்டு எழுதினதை ஒருத்தர் 'பல' எண்டு வாசித்தால் பிழை யாரில? எழுதினவரிலயா, வாசித்தவரிலயா? கொம்பியூட்டரில் தமிழ் வாசிக்கத் தொடங்கின பிறகு குற்றவாளிக் கூண்டில் மூன்றாவதாக ஒன்றும் வந்து நின்றது: திரை.

பிரச்சினை புதுசு இல்லை. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் எண்டு தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகார வேறுபாடும் ஓலையில் தெரியாது. ஒருத்தன் 'கெட்டானா', 'கேட்டானா' எண்டதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேணும். ஏகார, ஓகாரத்துக்கு இப்போதுள்ள வடிவங்களைத் தந்தவர் எண்டு 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அச்சு வந்து இவையெல்லாம் நிலைத்தன. திரை வந்ததும் மறுபடி ஆட்டம் கண்டன.

ஏன்? எழுத்துருவில் எழுத்து வளைகோடாக இருக்கிறது. திரையோ சின்னச் சின்னச் சதுரங்களால், அதாவது பிக்சல்களால் ஆனது. விண்டோஸ் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் எண்டு கணக்கு வைத்தது. அப்படியெண்டால் 9 பொயின்ற் எழுத்துக்குக் கிடைப்பது வெறும் 12 பிக்சல் உயரம். ஆங்கில 'எல்' ஒரு நேர்கோட்டோடு தப்பிவிடும். எங்கட 'ணை', 'ஞ' எல்லாம் அதுக்குள்ள எத்தனை சுழி சுழிக்கிறது? மேலே புள்ளிக்கு எங்கே இடம்?

இதுக்கு ஒவ்வொன்றாகத் தீர்வுகள் வந்தன. 1991இல் அப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப் எழுத்துருக்களில், எந்தக் கோடு எந்தப் பிக்சலில் விழ வேணும் எண்ட கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுத முடிந்தது. விண்டோஸ் 95 காலத்தில் எழுத்தின் ஓரங்களில் சாம்பல் நிறம் பூசி, படிக்கட்டு மாதிரித் தெரிவதை மறைத்தார்கள். 1998இல் மைக்ரோசொஃப்ட் கிளியர்டைப்பை அறிவித்தது. எல்சிடி திரையின் ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூன்று கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தக் கீற்றுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கினால், கிடைத்திசையில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கும். 2001இல் வந்த எக்ஸ்பியில் இது இருந்தது, ஆனால் நாங்கள்தான் தேடிப் போட வேணும். விஸ்டாவில்தான் தானாக வந்தது.

இதில ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. நுணுக்கம் கூடினது இடமிருந்து வலமாக மட்டும். மேலிருந்து கீழாக எதுவும் மாறவில்லை. நேர்கோடுகள் நிறைந்த லத்தீன் எழுத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. தமிழுக்கோ வளைவுகளின் தலையும் அடியும் கரடுமுரடாகவே கிடந்தன. புள்ளி நிற்பதும் தலைக்கு மேலேதான். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது, டைரக்ட்ரைட் எண்ட புதிய முறை இரண்டு திசையிலும் எழுத்தை மென்மையாக்கியது.

இப்ப ஃபோன் திரைகளில் பிக்சல்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருக்கம். 2018இல் அப்பிள் தன் மெக் கணினிகளில் நிறக்கீற்று முறையை வழமையான அமைப்பிலிருந்து எடுத்தேவிட்டது. ஆனால் எல்லார் வீட்டிலயும் புதுத்திரை இல்லையே. பழைய மொனிட்டரில் வாசிக்கிறவர்கள் மூன்று விசயம் செய்யலாம். திரையை அதன் இயல்பான ரெசலூஷனில் வையுங்கோ. விண்டோஸில் கிளியர்டைப் எண்டு தேடி, காட்டப்படும் மாதிரிகளில் உங்கட கண்ணுக்குத் தெளிவானதைத் தெரிவுசெய்யுங்கோ. எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கோ, வெட்கப்பட ஒண்டுமில்லை.

ஓலைக்காலத்து ஆட்கள் மாதிரி நாங்களும் ஊகித்து வாசிக்கப் பழகிவிட்டோம். தெரிந்த சொல்லில் விழுந்த புள்ளியை மூளையே எடுத்து வைத்துவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் பெயரிலோ, இப்பதான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையின் பாடத்திலோ புள்ளி விழுந்தால் யார் எடுத்து வைப்பது?