முருகைக்கல் வீடு

கீழவைப்பார் முதல் தூத்துக்குடி வரையிலான கரையில் அந்தக் காலத்தில் சொந்த வீடு கட்ட நினைத்தவருக்கு முதல் கேள்வி: கல் எங்கே கிடைக்கும்? மலைக்கல்லுக்குத் தொலைவு போக வேண்டும்; பவளப்பாறையான முருகைக்கல்லோ மன்னார் வளைகுடாவில், கைக்கெட்டும் தூரத்தில். கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றி வந்தார்கள். சுவருக்கு அதே கல். காளவாயில் சுட்டால் சுண்ணாம்பும் அதுதான்.

அவசரக்காரருக்கு இந்த வீடு சரிப்படாது. கல்லில் ஊறிய உப்பு மழையில் கரைந்து போகாவிட்டால் பூச்சு பொரிந்து உதிரும். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்த பிறகே கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பார். கூரைச் சட்டத்துக்கு வயதான பனை வேண்டும். இளம் பனையில் வைரம் இருக்காது, கறையான் விடாது.

வீடுகளோடு நின்றிருந்தால் கடல் தாங்கியிருக்கும். ஆலைச் சுண்ணாம்புக்கும் வெட்டினார்கள். அலையைத் தடுத்த பாறை போனது. விலாங்குசல்லித் தீவே நீரில் மூழ்கியது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. தேய்ந்துவந்த வான்தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள்.

இன்று வீடு கட்டுபவருக்கு ஹாலோ பிளாக்கும் சிமெண்டும் கடையிலேயே கிடைக்கின்றன. உப்பு மட்டும் விட்டபாடில்லை: கலவையில் கடல் மணல் சேர்ந்தால் கம்பி துருவேறி வீங்கி, தளம் வெடிக்கும்.