நிழலிலா நண்பகல்: நெடுநல்வாடை உரையும் பாராடாங் தீவும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி கட்டடக்கலை ஆய்வாளராற் பெரிதும் எடுத்தாளப்படுவது. ஞாயிறு மேற்றிசை நோக்கிச் சாயத் தொடங்குமுன், நட்ட இரு கோல்களின் நிழல் எப்பக்கமும் விழாத அரைநாட் பொழுதில், நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறித்தனர் என்பது அப்பகுதியின் பொருள். இதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், அந்நாள் சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களுள் ஒன்று என்றும், அப்பொழுது பதினைந்தாம் நாழிகை என்றும் வரையறுக்கிறார். மூலத்தில் திங்களின் பெயர் இல்லை. உரையாசிரியர் அதனை எங்கிருந்து பெற்றார், அவ்வரையறை எவ்விடத்துக்கும் எக்காலத்துக்கும் பொருந்துவதா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒப்புநோக்கிற்கு அந்தமானின் பாராடாங் தீவு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டின் அகலாங்கிலேயே, ஆயின் அதற்கு வெகு கிழக்கே அமைந்திருத்தலின், இத்தீவு இவ்வாய்வுக்கு ஏற்றதோர் உரைகல்லாகிறது.

இருகோல் நட்ட அரைநாள்

காலையில் மேற்கே நீண்டு கிடக்கும் நிழல் உச்சியை நோக்கிக் குறுகி, பின் கிழக்கே நீள்வதை அனைவரும் அறிவர். ஆனால் பெரும்பாலான நாள்களில் நண்பகலிலும் நிழல் முற்றாக மறைவதில்லை. வடக்கிலோ தெற்கிலோ சிறிது எஞ்சி நிற்கும். ஞாயிற்றின் வடசெலவு அல்லது தென்செலவின் அளவு ஓர் இடத்தின் அகலாங்குக்குச் சமமாகும் நாளில் மட்டுமே அவ்விடத்து நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு இத்தகைய நாள் ஆண்டுக்கு இருமுறை வாய்க்கும்.

மனை வகுப்போர்க்கு இந்நாள் ஏன் வேண்டும்? ஏனைய நாள்களில் நிழலின் நுனி, நண்பகலை ஒட்டி, கோலுக்கு வடக்கிலோ தெற்கிலோ வளைந்து கடக்கும். நிழலிலா நாளிலோ, உச்சிக்குச் சற்று முன் நிழல் நேர் மேற்கே கிடந்து, அடியில் ஒடுங்கி, நேர் கிழக்கே புறப்படும். கயிறிட வேண்டிய கிழக்கு மேற்குக் கோட்டை நிழலே வரைந்து காட்டிவிடுகிறது. நூலறிந்தோர் இப்பொழுதைத் தேர்ந்ததில் உள்ள நுட்பம் இதுவே எனலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்னும் பேச்சை இதனோடு இணைத்துக் குழப்புவாரும் உளர். காலையிலும் மாலையிலும் அந்நிழல் தரையில் நீண்டு கிடப்பதைச் சென்று காண்போர் எவரும் அறியலாம்.

இனி நாளைக் காண்போம். மதுரையில் ஞாயிறு தலைக்கு நேரே நிற்பது ஏப்ரல் 16ஐ ஒட்டி. இன்றைய கணக்கில் அது சித்திரை மூன்றாம் நாள். நச்சினார்க்கினியர் கூறும் நடுப்பத்தோ இன்று ஏப்ரல் 24இல் தொடங்குகிறது. அவ்வாறாயின் உரை பிழையாமோ எனின், அன்று. நம் சித்திரைத் தொடக்கம் நாண்மீன் ஆண்டைப் பின்பற்றுவது. பருவ ஆண்டினும் அது சற்று நீண்டதாகலின், ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டுப் பிந்தி வருகிறது. நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 14ஆம் நூற்றாண்டில், இன்றைய நாட்காட்டிமுறையிற் சொல்வதாயின், ஏப்ரல் 4ஐ ஒட்டிச் சித்திரை பிறந்திருக்கும். நடுப்பத்து ஏப்ரல் 14 முதல் 23 வரை அமையும். மதுரையின் நிழலிலா நாள் அதனுள் செம்மையாக அடங்குகிறது.

எனவே உரையாசிரியர் தம் காலத்துப் பாண்டிநாட்டு வழக்கையே உரையாக்கினார் என்று கருத இடமுண்டு. கி.பி. முதல் நூற்றாண்டுகளுக்கு இதே கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தின், அந்நாள் சித்திரையின் இறுதிக்குத் தள்ளப்படும், நடுப்பத்து பொருந்தாது. (அக்காலத்து இவ்வகைச் சூரியத் திங்கட் கணக்கு வழங்கியதா என்பது வேறு வினா.) ஆகவே உரையின் இத்தொடரைக் கொண்டு நெடுநல்வாடையின் காலத்தைக் கணிப்பது முறையன்று. அது உரையின் காலத்துக்கே சான்றாகும்.

துரும்பும் நாழிகையும்

கோல் நட்டுப் பார்க்க இயலாத உழவர்க்கு ஒரு துரும்பே போதுமானதாயிருந்தது. 16 விரற்கடை நீளமுள்ள துரும்பை எடுத்து, ஒரு பகுதி தரையிற் கிடக்க, மறுபகுதி செங்குத்தாக நிற்குமாறு மடிக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் முனையைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை மாற்றிக்கொண்டே வந்தால், இறுதியில் நிற்கும் விரற்கடைகளின் எண்ணிக்கையே முற்பகலிற் கழிந்த நாழிகை. பிற்பகலில் அதுவே எஞ்சிய நாழிகை.

இம்முறை எந்த அளவுக்கு மெய்யானது? ஞாயிறு தலைக்கு நேரே செல்லும் நாளில், அது 45 பாகை உயர்ந்திருக்கும்போது துரும்பு 8 நாழிகை காட்டும். உண்மையிற் கழிந்தது ஏழரை. 60 பாகையில் 10க்குச் சற்று மிகுதியாகக் காட்டும், உண்மை 10. கருவி ஏதுமற்ற ஒருவர்க்கு இது வியத்தகு துல்லியமே. ஆனால் மார்கழியில் இது கைவிட்டுவிடும். பாராடாங்கின் அகலாங்காகிய ஏறத்தாழ 12 பாகையில், திசம்பர் 22 நண்பகலில் ஞாயிறு 54 பாகையளவே உயர்கிறது. துரும்பு ஒன்பதேகால் நாழிகைக்குமேல் காட்டாது. கழிந்ததோ பதினான்கு நாழிகைக்கு மேல். சென்னை வட்டாரத்திலும் இதே நிலைதான். துரும்புக் கணக்கும் நச்சினார்க்கினியரின் வரையறையைப் போல ஞாயிறு உச்சியை நெருங்கும் திங்கள்களுக்கு உரியதென்றே கொள்ளத்தகும். எல்லாத் திங்களுக்கும் உரிய பொதுவிதியாக அதனைக் காட்டுவது நம் அறிவியல் மரபுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பாராடாங்கின் நண்பகல்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே, சுண்ணக்கற் குகைகளாலும் சேற்று எரிமலைகளாலும் அறியப்படும் பாராடாங்கில் ஏப்ரல் 22ஐயும் ஆகஸ்டு 21ஐயும் ஒட்டி நிழல் அடியில் ஒடுங்கும். ஒரு மீட்டர் கோலை நட்டால், திசம்பர் நண்பகலில் 71 செ.மீ. நிழல் வடக்கே கிடக்கும். சூன் நண்பகலில் 20 செ.மீ. தெற்கே கிடக்கும். இவ்வளவும் தமிழ்நாட்டு வடபகுதி ஊர்களை ஒத்ததே. வேறுபாடு கடிகாரத்தில் உள்ளது.

1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டு வழங்குகிறது. பாராடாங் அதற்கு 10 பாகைக்கு மேல் கிழக்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 41 நிமிடம் முந்துகிறது. ஆகவே அங்கு நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கன்று, பருவத்துக்கேற்ப 11.02 முதல் 11.33 வரை. கடிகாரம் 12 காட்டும்போது நிழல் கிழக்கே சாய்ந்து நெடுநேரம் ஆகியிருக்கும். திசம்பரில் மாலை 5 மணிக்கே ஞாயிறு மறைந்துவிடுகிறது.

தமிழ்க் குடும்பங்களின் நாட்காட்டியில் இது நேரடியாகத் தைக்கிறது. காலை 6 மணிக்கு விடியும் என்ற கற்பனையில் அச்சிடப்படும் இராகுகால அட்டவணை வெள்ளிக்கிழமைக்கு 10.30 முதல் 12 வரை என்கிறது. பகலை எட்டாகப் பகுத்து நான்காம் கூறு கொள்வதே அதன் விதி. அவ்விதியின்படி பாராடாங்கில் அக்கூறு உச்சிப்பொழுதோடு, அதாவது 11.20 அளவில், முடிந்துவிடும். அட்டவணையை நம்புவோர் விலக்கும் பொழுதில் பாதி, விதிப்படி விலக்க வேண்டாத பொழுதாகிறது. நம்பிக்கையின் தகுதி இங்கு ஆராயப்படவில்லை. நிழலிலிருந்து பிறந்த ஒரு கணக்கு, நிழலைப் பாராது கடல் கடந்து சென்றுள்ளது என்பதே நோக்கத்தக்கது.

தமிழர் சென்றேறுமுன் பாராடாங் பெரு அந்தமானியருள் புச்சிக்வார் மொழி பேசியோரின் நிலம். அந்தமானியரிடையே பணியாற்றி 1880களில் அவர்தம் வாழ்வியலைப் பதிவுசெய்த இ.எச். மேன், அவர்கள் தம் உயிராகக் கருதியது நிழலை அன்று, நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் பிரதிபிம்பத்தையே என்று எழுதினார். நிழலை உயிரோடு இணைத்த குடிகள் பலவற்றைத் தொகுத்த பிரேசர் இதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். நாளுக்கொருமுறை குறுகி, ஆண்டுக்கு இருமுறை அடியோடு மறையும் ஒன்றை அம்மக்கள் உயிரெனக் கொள்ளாமைக்கு அத்தீவின் உச்சிஞாயிறு காரணமாகலாமோ என ஐயுற இடமுண்டு. ஆயினும் அதே அகலாங்கிலுள்ள பிற மக்களின் நம்பிக்கைகளோடு ஒப்பிட்ட பின்னரே அதனைத் துணிய இயலும்.