பொம்மை சொன்னதும் சொல்லாததும்

ஒரே வார்ப்பில் அமைந்த நான்கு பொம்மைகள். இரண்டு வெண்ணிறம்; இரண்டு பழுப்பு நிறம். அமெரிக்கக் கறுப்பின உளவியலறிஞர்களான கென்னத் கிளார்க், அவர்தம் துணைவியார் மேமி கிளார்க் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டையொட்டி இவற்றை 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து வினவினர். (இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது மேமி அம்மையாரின் முதுகலை ஆய்வே. பலரும் கணவர் பெயரையே முன்னிறுத்துவர். பெண்மக்கள் உழைப்புக்கு நேரும் வழக்கமான கதி அது.)

விளையாட வெள்ளைப் பொம்மையை விரும்பினோர் நூற்றுக்கு 67 பேர். தீயதாகத் தோன்றுவது பழுப்புப் பொம்மையே என்றோர் 59 பேர். 'உன்னைப் போன்றது எது?' என்று இறுதியில் கேட்டபோதோ, அதுவரை மகிழ்ந்து விடையளித்த சிறுவர்களிற் சிலர் அழுதனர். சிலர் அறையைவிட்டே ஓடினர். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என 1954 மே 17இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

கறுப்பினக் குழந்தை தன்னையே வெறுக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டினர். நாமும் மேடைகளில் அவ்வாறே பேசியதுண்டு. ஆயின் அவ்வாய்வின் கணக்கையே கூர்ந்து நோக்குக. பழுப்புப் பொம்மையைத் தீயதென்றோர், பிரிவினைப் பள்ளிகள் இருந்த ஆர்க்கன்சாவில் 49 விழுக்காடு. இருநிறத்தாரும் சேர்ந்து பயின்ற மாசசூசெட்சிலோ 71 விழுக்காடு! பள்ளிச்சுவர் மட்டுமே காரணமாயின் இது தலைகீழாக அன்றோ இருந்திருக்க வேண்டும்? படநூலும் கடைவீதியும் திரைப்படமும் நாள்தோறும் கற்பித்ததையே குழந்தை திருப்பிச் சொன்னது.

பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த ரோசன்பர்க், சிம்மன்ஸ் ஆகியோரின் 1971ஆம் ஆண்டு நூல், கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையர் பிள்ளைகளினதைவிடக் குறைந்ததன்று எனக் காட்டிற்று. தன் இனத்தை உலகம் எவ்வாறு மதிக்கிறது என அறிவது வேறு. தன்னைத் தான் மதிப்பது வேறு. பின்னதைக் குழந்தை தாயிடத்தும் அண்டை அயலாரிடத்தும் தோழரிடத்தும் பெறுகிறது.

குறைவு பிறிதோரிடத்தில் இருந்தது. ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவரைக் கொண்டு 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, 'என் வாழ்வு என் கையில்' என்னும் உணர்வு கறுப்பின மாணவரிடம் குன்றியிருந்ததையும், அவ்வுணர்வு உடையோர் கல்வியில் சிறந்ததையும் கண்டது. சிலர் இதையும் பிள்ளையின் மனக்கோளாறு என்றனர். நாம் உடன்படோம். 1965 வரை தென்மாநிலங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்டும், படித்தும் வேலை எய்தாதும் நின்ற தந்தையரைக் கண்ட பிள்ளை, முயற்சி பலிக்காது எனக் கருதுவது நோயன்று. கண்ணாரக் கண்டதன் முடிவு.

1946இல் கிளார்க் தம்பதியர் நியூயார்க்கின் ஹார்லெமில் குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கினர். பள்ளிகள் அறிவு குன்றியோர் எனத் தனி வகுப்பிற்குத் தள்ளிய தம் பிள்ளைகளுடன் பெற்றோர் அங்கு வந்தனர். சோதித்தபோது, அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவரே அல்லர் எனத் தெரியவந்தது.