தொலையாத 'தொலைந்த நோட்டு'

ஆவணக் காப்பகத்தில் எதிர்பாராமல் கிடைத்தவை பற்றிப் பேச்சு வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கணித மேதை ராமானுஜனின் 'தொலைந்த நோட்டு'தான். வேடிக்கை என்னன்னா, அது நோட்டே இல்லை, உதிரித் தாள்கள். தொலையவும் இல்லை.

1920 ஏப்ரலில் ராமானுஜன் இறந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருடைய தாள்களை 1923-ல் ஹார்டிக்கு அனுப்பியது. பின்னாளில் அவை வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தன. வாட்சன் 1965-ல் காலமானபோது, அவர் வீட்டு அறையில் தரை தெரியாத அளவுக்குக் காகிதக் குவியல். சில நாளில் எரித்துவிடுவதாக இருந்தார்கள்! விட்டேக்கர், ராங்கின் என்ற இரு கணிதவியலாளர்கள் அதைக் கிளறிப் பார்த்ததால் பிழைத்தது. 1968 டிசம்பரில் ராங்கின் அந்தத் தாள்களை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினார்.

அப்புறம் ஏழெட்டு வருஷம் பெட்டியிலேயே கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வாட்சனின் தாள்களைப் பார்க்க வந்தார். நூறு பக்கங்களுக்கு மேல், 600-க்கும் அதிகமான சூத்திரங்கள். விளக்கம் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. ஆனா அதில் 'மாக் தீட்டா' சார்புகள் இருந்தன. ராமானுஜன் அவற்றைப் பற்றி ஹார்டிக்கு எழுதியது 1920 ஜனவரியில், கடைசிக் கடிதத்தில். ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் அதே சார்புகளைத்தான். அதனால் இது ராமானுஜனின் கடைசி வருஷத்து வேலை என்று உடனே புரிந்துவிட்டது.

வேறொருவர் திறந்திருந்தால் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார், இல்லையா? பெட்டி கையில் கிடைத்தது தற்செயல். அடையாளம் தெரிந்ததுக்குப் பின்னால் பல வருஷப் படிப்பு இருக்கு.