ராள்ளகாலுவக் கற்கள்

ரேணிகுண்டா சந்திப்பில் வண்டி மாறாத தமிழ்க் குடும்பம் சித்தூர், திருப்பதிப் பக்கம் இருக்காது. அந்த வட்டாரத்தில் ஓடும் ராள்ளகாலுவ ஓடையைத்தான் நாம் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தெலுங்கில் 'ராள்ளு' என்றால் கற்கள். பேர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை என்று நினைக்கிறேன். 1960களில் எம்.எல்.கே. மூர்த்தி அங்கே தேடித் திரட்டியவை, பழைய கற்காலத்தின் கடைசிக் கட்டத்து மனிதர்கள் செதுக்கிய கருவிகள்: நீண்ட கத்திச் சில்லுகள், எலும்பையும் மரத்தையும் குடையும் சின்ன உளிகள். 1970இல் அவர் கட்டுரை வெளிவந்தது. அறிஞர்களுக்கு ரேணிகுண்டா என்றால் ரயில் அல்ல, இந்தக் கற்கள்தான்.

இப்போது இப்படிப்பட்ட பொருள்களைக் கணினிக்குள் ஏற்றுகிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. கல்லைத் திருப்பித் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி பல படங்கள் எடுப்பார்கள். ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து, கணினி முப்பரிமாண வடிவத்தைக் கட்டிவிடும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வேண்டும். இல்லாவிட்டால் கல் கட்டைவிரல் அளவா, அம்மிக்கல் அளவா என்று தெரியாது. பளபளக்கும் படிகக்கல்தான் பாடாய்ப் படுத்தும். மற்றபடி எந்தப் பக்கம் அடி விழுந்தது, சில்லு எந்தக் கோணத்தில் பெயர்ந்தது என்றெல்லாம் கடல் கடந்து இருப்பவரும் அளந்து பார்க்கலாம்.

இதைச் சரியாகப் பயன்படுத்திய ஊர் என்று நான் சொல்வது, அலாஸ்காவின் பேரிங் கடலோரத்து க்வின்ஹாகக். அதன் அருகே ஐரோப்பியர் வருமுன் யூபிக் மக்கள் வாழ்ந்த நுனாலெக் கிராமம், உறைமண் உருகிக் கடலுக்குள் சரிந்துகொண்டிருந்தது. 2009 முதல் அபர்டீன் பல்கலைக்கழகத்தாரும் ஊராரும் சேர்ந்து தோண்டி, சுமார் ஒரு லட்சம் பொருள்களை மீட்டார்கள். முகமூடி, பொம்மை எல்லாம் 2018இல் அந்த ஊரிலேயே திறந்த காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. உலகத்துக்குப் போனது கணினி வடிவம். ஊராரின் சொற்களோடு பிள்ளைகளுக்காக அதைத் தொகுத்தார்கள். நம்ம பக்கத்து வழக்கமோ தலைகீழ். பொருள் ஊரைவிட்டுப் போய்விடும், ஊருக்குப் படம்கூட வராது.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் அடித்து, தோண்டாமல் கிடந்த மண்ணையும் கடல் அரித்தது. ஆயிரக்கணக்கான பொருள்கள் கரையில் சிதறின. பொறுக்கி எடுத்துப் படம் பிடிக்கலாம். எந்த வீட்டுத் தரையில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை எந்த ஸ்கேனரும் திருப்பித் தராது. ராள்ளகாலுவப் பக்கம் புயல் வேண்டாம், ஒரு ஜேசிபி போதும். ஆகவே உங்கள் நிலத்தில் இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் எடுத்து ஷோகேஸில் வைக்காதீர்கள். கிடக்கிற நிலையிலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து, இடக்குறிப்போடு செல்போனில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட வேகமாகவே செய்துவிடுவார்கள்.