ஃபான் தான் யான்

ஃபான் தான் யான் (1796–1867): வியட்நாமின் நுயென் மரபு மன்னர்கள் மின் மாங், தியூ திரி, து தூக் மூவரிடமும் பணியாற்றிய அரசவை அதிகாரி, புலவர், வரலாற்றுத் தொகுப்பாசிரியர். பிரெஞ்சுக்காரர் தென் வியட்நாமைக் கைப்பற்றிய ஆண்டுகளில் ஒப்பந்தப் பேச்சு, அயல்நாட்டுத் தூது, கோட்டைக் காவல் ஆகிய மூன்று பொறுப்புகளும் அடுத்தடுத்து இவர் தலையில் விழுந்தன. இவரைத் துரோகி என்போரும் தியாகி என்போரும் இன்றும் உளர்.

மீகோங் கழிமுகத்தில், பென் திரேப் பகுதியின் பா த்ரி வட்டாரத்திலுள்ள பாவோ தான் சிற்றூரில் பிறந்தார். முன்னோர் சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை சிறு உத்தியோகஸ்தர். ஒரு வழக்கில் சிக்கி வின் லோங் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஏறத்தாழ இருபது வயதினரான ஃபான், தந்தைக்குப் பதிலாகத் தன்னைச் சிறையில் வைக்கும்படி அங்கிருந்த அதிகாரியிடம் மன்றாடினார் என்றும், மனம் இரங்கிய அவ்வதிகாரி இவரை ஊரிலேயே தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1825இல் யா டின் மாநிலத் தேர்விலும், 1826இல் தலைநகர் ஹுவேயில் நடந்த உயர் தேர்விலும் வென்றார். தென்னாட்டிலிருந்து அவ்வுயர் பட்டத்தைப் பெற்ற முதல்வர் இவரே. இவரது பெயர் ஹுவே இலக்கியக் கோயிலின் கல்லில் பொறிக்கப்பட்டது. அந்தக் கல்லைப் பற்றிப் பின்னர்க் காண்க.

அடுத்த முப்பது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகக் கழிந்தன. மின் மாங் இவரைப் பலமுறை பதவியிறக்கினார். மன்னர் குவாங் நாமுக்குச் சுற்றுப்பயணம் போவது மக்களுக்குச் சுமை என்று எடுத்துரைத்ததற்காக, அதே மாகாண அலுவலகத்தில் மேசை நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் கடைநிலை ஊழியராக இவர் வைக்கப்பட்டார் என்பர். அவ்வேலையையும் முகம் சுளிக்காமல் செய்தாராம். பொன், வெள்ளிச் சுரங்கங்களை மேற்பார்க்கவும் அனுப்பப்பட்டார். இடையில் சீனாவுக்குத் தூது சென்றார். து தூக் காலத்தில் அமைச்சராக உயர்ந்து, 1856இல் தொடங்கிய அரசாணை பெற்ற வியட்நாம் வரலாற்றுத் தொகுப்புக்குத் தலைமை ஏற்றார். லுவோங் கே என்ற புனைபெயரில் இவர் எழுதிய கவிதைகளும் உரைநடையும் தொகுக்கப்பட்டுள்ளன.

1862 ஒப்பந்தம். பிரெஞ்சு–ஸ்பானியப் படை 1859இல் சைகோனைப் பிடித்தது. 1861 தொடக்கத்தில் கீ ஹோவா அரண்களும் விழுந்தன. தெற்கிலிருந்து ஹுவேக்குப் போகும் அரிசி தடைப்பட்டது. அதே வேளையில் வடக்கே முன்பு ஆண்ட லே மரபின் வாரிசு என்று சொல்லிக்கொண்டவரின் கலகம் பரவியது. இரண்டு முனைகளிலும் போரிட முடியாத அரசவை ஃபானையும் லாம் யுய் ஹியெப்பையும் சமாதானம் பேச அனுப்பியது. அவர்கள் ஏறிவந்த பழைய கப்பலை ஒரு பிரெஞ்சு நீராவிக் கப்பல் சைகோனுக்கு இழுத்துவந்தது. 1862 ஜூன் 5இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பியென் ஹோவா, யா டின், டின் தூங் ஆகிய மூன்று கிழக்கு மாகாணங்களும் கோன் தாவோ தீவும் பிரான்சுக்குப் போயின. பத்தாண்டுகளில் 40 லட்சம் டாலர் இழப்பீடு தரவும், கிறித்தவ சமயப் பரப்பலை அனுமதிக்கவும் உடன்படிக்கை ஆயிற்று.

மாகாணங்களை விட்டுக்கொடுக்கத் தூதர்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதில் ஆய்வாளர் ஒத்த கருத்தினர் அல்லர். அரசவை ஏடுகள் இருவரையும் கடிந்துரைக்கின்றன. ஆனால் தண்டனை என்ற பெயரில் ஃபானை வின் லோங் ஆளுநராகவே அமர்த்தினார் மன்னர். பிரெஞ்சுக்காரருடன் தொடர்ந்து பேசும் பொறுப்பையும் தந்தார். மன்னருக்குத் தெரிந்தே நடந்தது என்போர் இதைச் சான்றாகக் காட்டுவர். துரூங் டின் தலைமையில் ஆயுதம் ஏந்தியவர்களோ ஃபானும் லாமும் நாட்டை விற்றார்கள், அரசவை மக்களைக் கைவிட்டது என்று முழங்கினர். அம்முழக்கத்தில் அரசவையும் சேர்த்தே குற்றம் சாட்டப்பட்டிருப்பதைப் பிற்காலத்தார் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

பாரிஸ் தூது. இழந்த மாகாணங்களை விலை கொடுத்தேனும் மீட்க 1863இல் ஒரு தூதுக்குழு புறப்பட்டது. 67 வயதான ஃபான் தலைவர். ஃபாம் ஃபூ து, நுய் காக் தான் துணைத் தூதர். எழுத்தர், மருத்துவர், ஏவலர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் சென்றனர். பன்மொழிப் புலவர் துரூங் வின் கீ மொழிபெயர்ப்பாளர். ஜூலையில் சைகோனிலிருந்து கப்பல் ஏறி, சூயஸில் இறங்கி, எகிப்தைத் தரைவழி கடந்து, செப்டம்பரில் மார்செய் வழியாகப் பாரிஸ் சேர்ந்தனர். வழியில் எந்தக் கொடியை ஏற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது நாட்டுக்கெனக் கொடி ஏதும் இல்லாததால், தாங்கள் பெருந்தென்னாட்டு (அன்றைய வியட்நாம்) மன்னரின் தூதர் என்று பட்டுத்துணியில் எழுத்துகளைத் தைத்து ஏற்றினர் என்றொரு செய்தி வழங்குகிறது.

இப்பயணத்தை ஃபாம் ஃபூ துவின் நாட்குறிப்பு நாள்வாரியாகப் பதிவு செய்துள்ளது. இருப்புப்பாதை, தந்தி, வாயு விளக்கு என்று கண்டவற்றையெல்லாம் எப்படி இயங்குகின்றன என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். தோற்ற நாட்டிலிருந்து இரந்து கேட்க வந்தவர்களிடம் இவ்வளவு அறிவுப் பசி இருந்தது வியப்புக்குரியது. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ழாக்-ஃபிலிப் போத்தோ என்பவர் தூதர்களைப் படம் எடுத்தார். உலக மனித இனங்களின் மாதிரிகளைச் சேர்க்கும் தொகுப்புக்காக எடுக்கப்பட்டவை அவை. அரசவை உடையில், வெண்தாடியுடன் ஃபான் நேராக நோக்கும் படமே இன்று நூல்கள் பலவற்றில் காணப்படுவது. மாதிரியாகப் பார்க்க வந்த படக்கருவிக்கு அந்த முகம் பிடிகொடுக்கவில்லை.

வேனிற்காலத்தைப் பியாரிட்ஸில் கழித்த மூன்றாம் நெப்போலியன் நவம்பர் தொடக்கத்தில்தான் காட்சி தந்தார். ஃபான் பேசும்போது கண்கலங்கினார் எனச் சொல்லப்படுகிறது. மெக்சிகோப் போரின் செலவால் நெருக்கடியில் இருந்த பேரரசர் ஒப்பந்தத்தின் மறுஆய்வுக்கு இசைந்தார். குழு ஸ்பெயினில் அரசி இரண்டாம் இசபெல்லாவையும் கண்டு, 1864 மார்ச்சில் திரும்பியது. அவ்வாண்டே கடற்படை அதிகாரி ஓபாரே புதிய ஒப்பந்தம் பேச ஹுவேக்கு வந்தார். ஆனால் கடற்படை அமைச்சர் சாஸ்லூ-லோபாவும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்ததால் பாரிஸ் பின்வாங்கிவிட்டது.

இறுதி. ஃபான் பின்னர் வின் லோங், ஆன் யாங், ஹா தியென் ஆகிய மூன்று மேற்கு மாகாணங்களுக்கும் பேராளராக அமர்த்தப்பட்டார். மூன்றும் பிரெஞ்சு நிலத்தால் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டவை. நெடுநாள் காக்க இயலாதவை. அந்த ஆண்டுகளிலும் கல்வி அதிகாரி நுயென் தோங்குடன் சேர்ந்து வின் லோங்கில் கன்பூசியர் கோயில் ஒன்றை எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

1867 ஜூன் 20இல் கடற்படைத் தலைவர் த லா கிராந்தியேர் படகுகளுடன் வின் லோங் முன் வந்து கோட்டையைக் கேட்டார். ஃபான் கப்பலுக்குச் சென்று பேசினார். மக்களைத் துன்புறுத்தக் கூடாது, களஞ்சியத்து நெல்லும் பணமும் தம் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றார். அவர் திரும்புமுன் படை கோட்டைக்குள் நுழைந்துவிட்டது என்பது வியட்நாமிய ஏடுகளின் கூற்று. அவர் இசைந்தே கதவு திறந்தது என்பது பிரெஞ்சுக் கூற்று. எவ்வாறாயினும் சண்டை நிகழவில்லை. எதிர்க்க வேண்டாம் என்று மற்ற இரு மாகாண அதிகாரிகளுக்கும் அவரே எழுதினார். ஐந்து நாளுக்குள் மூன்றும் போயின.

களஞ்சியப் பொருளின் மதிப்பை இழப்பீட்டுத் தவணையில் கழித்துக்கொள்ளச் செய்தார். பதவி உடைகள், முத்திரை, தமக்கு வந்த அரசாணைப் பட்டயங்கள் யாவற்றையும் மன்னருக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரரிடம் உத்தியோகம் ஏற்கக் கூடாதெனப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பின் உண்ணாவிரதம் இருந்தார். பதினேழு நாள் என்பர் சிலர். உயிர் போகாததால் அபின் குடித்து ஆகஸ்ட் 4இல் இறந்தார். பிரெஞ்சு மருத்துவரின் முயற்சி பலிக்கவில்லை. இழவுக்கொடியில் பதவிப் பெயர்கள் வேண்டாம், கடலோரத்து முதிய மாணாக்கன் என்பது போதும் என்று கேட்டுக்கொண்டாராம்.

பிள்ளைகள் ஃபான் தோனும் ஃபான் லியெமும் சில மாதங்களிலேயே பென் திரேப் பகுதியில் கிளர்ந்தெழுந்து தோற்று, வடக்கே சென்றனர். 1868இல் து தூக் ஃபானின் பட்டங்களைப் பறித்து, இலக்கியக் கோயில் கல்லில் பெயரைச் செதுக்கி அழிக்கச் செய்தார். 1886இல் மன்னர் டோங் கான் அதை மீண்டும் பொறிப்பித்தார். பிரெஞ்சு எதிர்ப்பில் ஒருநாளும் தளராத பார்வையற்ற கவிஞர் நுயென் டின் சியூ இவருக்கு இரங்கற்பா எழுதியது, இவரைப் பழிப்போரும் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

1960களின் தொடக்கத்தில் ஹனோய் வரலாற்று இதழில் நடந்த விவாதம், தலைமை ஆய்வாளர் திரான் ஹுய் லியூவின் கண்டனத்தோடு முடிந்தது. 1975க்குப் பின் சைகோனில் இவர் பெயரிலிருந்த சாலை டியென் பியென் ஃபூ சாலையாயிற்று. 2000க்குப் பின் மதிப்பீடு தளர்ந்தது, கருத்தரங்குகள் நடந்தன. பா த்ரியில் ஓர் உயர்நிலைப் பள்ளி இவர் பெயரைத் தாங்குகிறது.